வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் யார் கதவைத் தட்டுவது? கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் வரவேற்பறையைப் பார்ப்பார்கள். பிறகு பால்கனிக்குப் போய் இரட்டைக் கோபுரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் மின்பெட்டியைத் தேடுவேன். வாசற்கதவுக்குப் பின்னாலோ சமையலறைச் சுவரிலோ ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் சுவிட்சுகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றில் மட்டும் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ‘டக்’கென்று சத்தம் கேட்டு மின்சாரம் போக வேண்டும். போனால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

செந்தூலில் ஒரு தம்பிக்காக வீடு பார்க்கப் போனபோது அந்தப் பொத்தானை மூன்று முறை அழுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கூட வந்த முகவர் சிரித்தார். “ஒன்றும் ஆகவில்லையே அண்ணே, நல்ல வீடுதானே?” என்றார். வெந்நீர்க் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் குளிக்கிறவனைக் காப்பாற்ற வேண்டிய ஒரே பொருள் செத்துக் கிடக்கிறது என்று அவருக்கு விளக்கக் கால் மணி நேரமாயிற்று. வீட்டுக்காரர் அதை மாற்றிக் கொடுத்த பிறகே தம்பி முன்பணம் கொடுத்தான்.

கொடுப்பதற்கு முன் கேட்டதால்தான் அந்த வேலை நடந்தது. மலேசியாவில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மிகுந்த பலம் இருப்பது கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்பது, “இங்கே வாடகை நீதிமன்றம் எங்கே?” அங்கே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும் உண்டு. இங்கே இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்று ஒரு தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இதை எழுதும் வேளையில் அது பேச்சளவில்தான் நிற்கிறது. முன்பு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1966இல் வந்த அது, 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் இயற்றி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அது முற்றாகப் போயிற்று. பினாங்கின் ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான கடைவீடுகளில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் மூட்டை கட்டியது அப்போதுதான்.

அப்படியானால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. உங்களுக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. கட்டடம் இடியாமல் இருப்பதை 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், தீ ஆபத்தை 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டமும், அடுக்குமாடியின் பொது நிர்வாகத்தை 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா (மாடி வீடுகளைத் தனித்தனியே உடைமையாக்கும் முறை) நிர்வாகச் சட்டமும் கவனிக்கின்றன. குப்பை, நாற்றம், அடைத்த சாக்கடை எல்லாம் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றில் எதுவும் உங்களை ‘வாடகைக்காரர்’ என்று மனத்தில் வைத்து எழுதப்பட்டதில்லை. கட்டடத்தையும் அதன் உடைமையாளரையும் பார்த்து எழுதப்பட்டவை. எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று தெரிந்தவருக்கு அதுவே போதும்.

முதல் படி: வீட்டைப் பார்க்கும்போது

என் முதல் கோலாலம்பூர் அறை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஒரு கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து ஏழு அறைகளாக்கியிருந்தார்கள். “ஜன்னல் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்கிறது” என்று சொல்லி வீட்டுக்காரர் ஒரு மரச்சட்டத்தைத் திறந்து காட்டினார். அந்தப் பக்கம் ஒருவர் லுங்கியோடு படுத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவரும் திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னார். வாடகை மலிவு என்று அதே அறையில் பதினான்கு மாதம் இருந்தேன். தீப்பிடித்திருந்தால் ஏழு பேரும் ஓர் ஆள் அகலப் படிக்கட்டில்தான் இறங்கியிருக்க வேண்டும்.

அது சட்டப்படியான அறையே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1984ஆம் ஆண்டின் ஒருமித்த கட்டட விதிகளின்படி, வீட்டில் மனிதர் வாழும் அறைகளில் முதலாவது குறைந்தது 11 சதுர மீட்டரும் இரண்டாவது 9.3 சதுர மீட்டரும் மற்றவை 6.5 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அளவு ஏறக்குறைய 70 சதுர அடி. ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதியளவாவது காற்று தடையின்றி வரும்படி திறந்திருக்க வேண்டும். அறையின் உயரம் 2.5 மீட்டர். மஸ்ஜித் இந்தியா, பூடு, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தடுப்பறைகளில் ஓர் அளவுநாடாவை நீட்டிப் பாருங்கள். பலவற்றில் நாடாவுக்கு வேலையே இருக்காது.

பார்க்க வேண்டிய மற்றவை: குளியலறையில் உடனடி வெந்நீர்க் கருவி இருந்தால், அதற்குத் தனியாக 10 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் கருவி வேண்டும். ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் கேட்பது இந்த அளவைத்தான். அந்த எண் கருவியின் முகத்திலேயே எழுதியிருக்கும். வீடு முழுவதற்கும் 100 என்று போட்ட ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

கூரையை அண்ணாந்து பாருங்கள். தேநீர்க் கறை போல வளையம் வளையமாகப் பழுப்பு இருந்தால், மேல் வீட்டுத் தண்ணீர் எப்போதோ வந்திருக்கிறது. புதிதாக வெள்ளையடித்த கூரை என்றால் இன்னும் கவனம். மற்ற மூன்று அறைகள் பழையதாக இருக்க ஒரு குளியலறைக் கூரை மட்டும் பளபளக்கிறதா?

ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில் போட்டிருப்பார்கள். திருடனுக்குப் பயந்து போட்டது. அவற்றில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். பூட்டு போட்டிருந்தால் சாவி அதன் அருகிலேயே தொங்க வேண்டும். பொது மாடிப்படியில் சைக்கிளும் பழைய அலமாரியும் அடுக்கியிருக்கிறார்களா என்றும் ஒரு மாடி இறங்கிப் பாருங்கள். லிஃப்டில் போய் லிஃப்டில் வந்தால் இது தெரியாது.

இரண்டாம் படி: யாரிடம் பணம் கொடுக்கிறீர்கள்?

முகவர் என்று வருபவர் உரிமம் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டாளர், நில முகவர் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம் இருக்கிறது. அதில் பதிவுபெற்றவர்களுக்கு எண்ணும் கழுத்து அட்டையும் உண்டு. எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பணம் அவருடைய நிறுவனத்தின் கணக்குக்கோ வீட்டுக்காரரின் கணக்குக்கோதான் போக வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் பேச்சில் சொல்வோம். புதியவர்கள் நகைக்கடையென்று குழம்ப வேண்டாம்.

வீட்டுக்காரர் உண்மையில் வீட்டுக்காரர்தானா? மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் பராமரிப்புக் கட்டண ரசீதையும் கேளுங்கள். இரண்டாவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அவர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால், ஸ்திராத்தா விதிகளின்படி நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம். வாடகையைச் சரியாகக் கட்டிய நீங்கள் மழையில் வாசலில் நிற்பீர்கள்.

வழக்கமாகக் கேட்கும் முன்பணம் இரண்டு மாத வாடகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாக அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக மூன்றரை மாதம். இது ஊர் வழக்கம். எந்தச் சட்டமும் இந்த அளவை நிர்ணயிக்கவில்லை. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஆகவே ரசீதில் ‘பாதுகாப்பு வைப்புத்தொகை’ என்றும் ‘பயன்பாட்டு வைப்புத்தொகை’ என்றும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கடப்பிதழின் (பாஸ்போர்ட்) நகலை வீட்டுக்காரர் கேட்பது நியாயம். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரைத் தம் இடத்தில் இருக்கவிட்டால் குடிநுழைவுச் சட்டப்படி அவர்மீதே வழக்கு வரும். ஆனால் மூலத்தை ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. மற்றவரின் கடப்பிதழைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. விளம்பரத்திலேயே ‘இந்தியருக்கு இல்லை’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியார் வீட்டு வாடகையில் இதைத் தடுக்கும் சட்டம் இன்று இல்லை. எரிச்சல் வரும். அந்த விளம்பரத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பதைத் தவிர நான் கண்ட வழி வேறில்லை. அந்த மனிதரிடம் கெஞ்சி வாங்கும் வீட்டில் குழாய் உடைந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மூன்றாம் படி: ஒப்பந்தம்

தனிச் சட்டம் இல்லாத நாட்டில் ஒப்பந்தமே உங்கள் சட்டம். ஆறு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தாள் வரும். கடையில் விற்கும் அச்சுப் படிவமாக இருக்கும். அதில் பழுதுபார்ப்பு என்ற பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் ‘வீட்டின் உள்பகுதியை வாடகைக்காரர் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உடைந்த பழைய குழாயையும் உங்கள் தலையில் கட்டலாம்.

நான் கேட்டுச் சேர்க்கச் சொல்லும் வரிகள் இவை. கூரை, சுவர், தூண், சுவருக்குள் ஓடும் குழாய், மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் கொடுத்த வெந்நீர்க் கருவி, குளிரூட்டி, துணிதுவைக்கும் இயந்திரம் இயல்பான தேய்மானத்தால் கெட்டால் அவரே பழுதுபார்க்க வேண்டும். இத்தனை வெள்ளிக்குக் கீழ்ப்பட்ட சில்லறைப் பழுது என்னுடையது. அதற்கு மேல் அவருடையது. எழுத்தில் தெரிவித்த இத்தனை நாளுக்குள் அவர் சரிசெய்யாவிட்டால், நான் சரிசெய்து ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் அந்த நாட்களுக்கு வாடகை இல்லை. நான் முன்பணத்தோடு வெளியேறலாம்.

கடைசி இரண்டும் கிடைப்பது கடினம். ஆனாலும் கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் பிற்காலத்தில் நீங்களாகவே வாடகையைப் பிடித்து வைத்தால் தவறு உங்கள் பக்கம் போய்விடும்.

மூன்று ஆண்டு வரையிலான வாடகையை நில அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. முத்திரை வரி மட்டும் கட்டாயம். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வாரியத்தில் கட்ட வேண்டும், இணையத்திலேயே முடிகிறது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. ஆக ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 72 ரிங்கிட், இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு 216. முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. பிறகு வரியோடு தண்டமும் கட்டித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். “எதற்குத் தம்பி வீண் செலவு, நமக்குள் என்ன?” என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் அந்த 72 ரிங்கிட்டை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: சாவி வாங்கும் நாள்

படம் எடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் நான்கு மூலை, கூரை, தரை, மீட்டர் எண். அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். உங்கள் கைப்பேசியில் மட்டும் இருக்கும் படத்துக்குத் தேதியில் சண்டை வரும். அவருக்கும் போய்ச் சேர்ந்த படத்துக்கு வராது. முடிந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவின் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒழுக ஆரம்பித்துவிட்டது

செத்தாப்பாக்கில் ஒன்பதாம் மாடியில் இருந்தபோது நடந்தது. ஓர் இரவு அலமாரிக்குள்ளிருந்து சத்தம்: சொட்டு, சிறிது மௌனம், சொட்டு. திறந்து பார்த்தால் தீபாவளிக்கு வாங்கிய சட்டைமேல் தண்ணீர். வீட்டுக்கார அம்மாவை அழைத்தேன். “மேல் வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள் தம்பி” என்றார். மேல் வீட்டில், “எங்கள் குளியலறை காய்ந்து கிடக்கிறது, வந்து பாருங்கள்” என்று கதவைச் சாத்தினார்கள். நிர்வாக அலுவலகத்தில், “அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம்” என்றார்கள். மூன்று மாதம் வாளி வைத்து, வாளி எடுத்து, நான் ஒரு வாளிக்காரனாகவே ஆகிவிட்டேன்.

பிறகுதான் ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். மாடிகளுக்கிடையிலான நீர்க்கசிவுக்கென்றே 2015ஆம் ஆண்டு ஸ்திராத்தா பராமரிப்பு, நிர்வாக விதிகளில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. கூரையில் ஈரம் தெரிந்தால், பழுது மேலே உள்ள வீட்டில்தான் என்று சட்டம் முதலில் ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் மற்றவர். எழுத்தில் புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பாளியையும் எழுதி ‘படிவம் 28’ என்ற சான்றிதழைத் தர வேண்டும். பொறுப்பு மேல் வீட்டுக்காரருடையது என்றால் அவர் 7 நாளுக்குள் வேலையைத் தொடங்கிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். நிர்வாகமே தூங்கினால் அடுத்த கதவு கட்டட ஆணையர். கோலாலம்பூரில் அந்த அலுவலகம் மாநகர் மன்றத்தின் கீழ் இருக்கிறது.

நான் எழுதிய கடிதம் இவ்வளவுதான்:

“ஒன்பதாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டின் பெரிய படுக்கையறைக் கூரையில் நீர் கசிகிறது. முதலில் கண்ட தேதி இது. படங்கள் நான்கு இணைத்துள்ளேன். 2015ஆம் ஆண்டு விதிகளின்படி 7 நாளுக்குள் ஆய்வு செய்து படிவம் 28 வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல்: கட்டட ஆணையர்.”

அதை மலாயில் எழுதி, வீட்டுக்கார அம்மாவையும் கையெழுத்திட வைத்தேன். அந்த வீட்டின் உடைமையாளர் அவர்தான். வாடகைக்காரர் மட்டும் எழுதினால் ‘உரிமையாளரை வரச் சொல்லுங்கள்’ என்று தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். மூன்று மாதம் அசையாதவர்கள் ஆறாம் நாள் வந்தார்கள். மேல் வீட்டுக் குளியலறைத் தரையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கினார்கள். மறுநாள் காலை என் வாளியில் கிடந்தது ரோஜாப்பூ நிறத் தண்ணீர். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேல் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கொத்தனாரின் எண்ணை மட்டும் கேட்டார்.

உங்கள் வீடு தரைவீடாகவோ கடைவீடாகவோ இருந்தால் இந்த விதி உதவாது. அங்கே நேரடியாக வீட்டுக்காரருக்குத்தான் எழுத வேண்டும். எதுவானாலும் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். பேசிய அன்று இரவே ‘இன்று பேசியபடி, வரும் ஞாயிறுக்குள் குழாயை மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், ஆதாரமாகவும் இருக்கும்.

ஆறாம் படி: எந்தக் கதவு?

மின்சாரத்தில் எல்லை மீட்டர்தான். மீட்டர் வரை தெனாகா நேஷனல். அதற்குப் பின்னுள்ள கம்பி வீட்டின் சொத்து. சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்றால் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின் ஒப்பந்ததாரரை அனுப்பும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ‘எனக்குத் தெரிந்த பையன்’ வேண்டாம்.

அடைத்த தீவழி, பூட்டிய அவசரக் கதவு, படிக்கட்டில் எரிவாயுத் தோம்புகள் (சிலிண்டர்கள்) இவற்றுக்குப் பொம்பா, அதாவது தீயணைப்பு மீட்புத் துறை. தீ ஆபத்தை நீக்கும்படி உடைமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ அறிவிப்புக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எரியத் தொடங்கிவிட்டால் 999.

சுவரில் கைவிடும் அளவு விரிசல், தொங்கும் பால்கனி, சரிந்த தடுப்புச்சுவர் என்றால் மாநகர் மன்றம். ஆபத்தான கட்டடத்துக்கு முட்டுக்கொடுக்கவோ பழுதுபார்க்கவோ இடிக்கவோ உடைமையாளருக்கு அது உத்தரவிடலாம். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை. ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒரு முறை பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்யும் ஏற்பாடும் இன்று சட்டத்தில் இருக்கிறது. பழைய அடுக்குமாடி என்றால் கடைசி ஆய்வு எப்போது என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

நாற்றமெடுக்கும் சாக்கடை, எலி, குப்பை இவையும் மாநகர் மன்றம்தான். கொசு விஷயத்தில் மட்டும் கவனம். டெங்கிக் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டில் குடியிருப்பவருக்கும் கம்பவுண்ட், அதாவது தண்டம் வரும். பூந்தொட்டித் தட்டு உங்களுடையது.

பினாங்கில் இருப்பவர்கள் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையும், பட்டர்வொர்த் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் நாட வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே குறையைச் சொல்லலாம்.

வீடு முதலாளி கொடுத்தது என்றால்

உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்கு வந்து, முதலாளி கொடுத்த வீட்டில் தங்குகிறவர்களின் கதை வேறு. வாடகைக்காரர்களைவிட உங்களுக்குத்தான் இங்கே எழுத்தில் தெளிவான சட்டம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், ஊழியர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்கிறது. 2020 ஜூன் முதல் அது தோட்டங்களைத் தாண்டி மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தங்குமிடத்துக்கு முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். வீடு, அடுக்குமாடி போன்ற இடங்களில் படுக்கையறையில் ஒருவருக்கு 3.6 சதுர மீட்டர், அதாவது ஆறடிக்கு ஆறடியைவிடச் சற்றுப் பெரிய இடம். ஆறு பேருக்கு ஒரு குளியலறையும் ஒரு கழிப்பறையும். பெரிய விடுதிகளில் ஒருவருக்கு 3 சதுர மீட்டர், பதினைந்து பேருக்கு ஒரு குளியலறை. கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டும் அலமாரி எல்லாம் முதலாளி தர வேண்டும். தங்குமிடத்துக்கென்று சம்பளத்தில் பிடிப்பது மாதம் 100 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. பத்துப் பேர் ஒரே அறையில் மாறி மாறித் தூங்குகிறீர்கள் என்றால் தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டுங்கள்.

தகராறு முற்றினால்

வாடகையை நிறுத்தி வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆயுதம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை எழுதப்படாவிட்டால் அது உங்கள் கையையே வெட்டும். பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்று உங்கள் பொருட்களைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வெளியேறாமல் இருந்தால் இரட்டை வாடகை கேட்கவும் சட்டம் உண்டு.

அவர் பக்கமும் ஒரு கோடு இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்துபோன பிறகுகூட நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவதும், தட்டுமுட்டுச் சாமான்களை நடைபாதையில் வைப்பதும் அதற்கு மாற்று அல்ல. அப்படி நடந்தால் கதவை உடைக்காதீர்கள். படம் எடுத்து, போலீஸ் புகார் பதிந்து, அந்தத் தாளோடு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். நிலத்தின் மீதான உரிமை தொடர்பான கோரிக்கை அதன் அதிகாரத்தில் இல்லை. அங்கே அலைந்து ஒரு நாள் சம்பளத்தை இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். முன்பணம் திரும்பவில்லை என்ற அளவிலான சண்டைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. படிவம் 198ஐ நிரப்பித் தர வேண்டும். வழக்கறிஞர் வாதாட இடமில்லாததால் நீங்களும் அவரும் நேருக்கு நேர்தான். தொகைக்கு வரம்பு உண்டு. டூத்தா சாலை நீதிமன்ற வளாகத்தின் பதிவு மேசையில் கேளுங்கள். முத்திரையிட்ட ஒப்பந்தம், முதல் நாள் படங்கள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு, ரசீதுகள் இந்த வரிசையில் ஒரு கோப்பு கையில் இருக்கட்டும்.

வெளியேறும் நாள்

ஒப்பந்தத்தில் சொன்ன கால அவகாசத்தோடு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேசாதீர்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் கசப்பில் முடிகிறது. முதல் நாள் எடுத்த அதே கோணத்தில் படங்களை எடுங்கள். சுவரில் ஆணி அடித்த துளைக்கு நீங்கள் பொறுப்பு. ஐந்தாண்டு வெயிலில் வெளுத்த திரைச்சீலைக்கு இல்லை. மின்சாரம், தண்ணீர் கடைசி ரசீதுகளைக் கட்டி, மீட்டரைப் படம் பிடித்து, வீட்டுக்காரரை நேரில் வரச் சொல்லுங்கள். வாசற்கதவுச் சாவி இரண்டு, கிரில் சாவி ஒன்று, நுழைவு அட்டை இரண்டு, தபால்பெட்டிச் சாவி ஒன்று என்று ஒரு தாளில் எழுதி, முன்பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும் என்பதையும் அதன் கீழே எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு லிஃப்டின் பொத்தானை அழுத்துங்கள்.